கடையிலா, டீலரிடமா: ஏறி ஓட்டும் புல்வெட்டி வாங்குவதற்கு முழு வழிகாட்டி

ஒவ்வொரு மார்ச் மாதமும் புதிதாக வீடு வாங்கிய நண்பர் யாராவது ஒருவர் என்னைக் கூப்பிடுவார். ஹோம் டிப்போ என்ற பெரிய கடையில் பச்சை நிறத்தில் ஒரு ஜான் டியர் புல்வெட்டி நிற்கிறது, பத்து மைல் தள்ளி டீலர் கடையில் அதே பச்சையில் இன்னொன்று கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலையில் நிற்கிறது, இரண்டும் ஒன்றுதானே, எதற்கு அதிகம் கொடுக்க வேண்டும் என்று கேட்பார். வட கரோலினாவில் கால் ஏக்கரிலிருந்து இரண்டு ஏக்கர் வரை புல்தரை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல முடிவதில்லை, அதனால் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

நான் முதல் வண்டியைக் கடையில் வாங்கினேன், இரண்டாவதை டீலரிடம் வாங்கினேன், இடையில் ஐந்தாறு பேருக்குக் கூடவே போய்த் தேர்ந்தெடுக்க உதவியிருக்கிறேன். எல்லோரும் தடுக்குவது அதே இரண்டு மூன்று இடங்களில்தான், பெரும்பாலும் வரிசை மாறிப் போவதால். முதலில் கடைக்குப் போய் ஒரு வண்டி பிடித்துப்போய், அப்புறம் வீட்டுக்கு வந்து தோட்டத்தை அளக்கிறார்கள். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நீளமான அளவு நாடா, சரிவு காட்டும் செயலி உள்ள கைபேசி, உங்கள் கவுண்டியின் நில வரைபடத் தளத்தில் எடுத்த மனை அளவு, ஒரு நோட்டு. இவ்வளவுதான். பட்ஜெட்டை இப்போது எழுதாதீர்கள். அதை முதலில் எழுதினால் மீதி எல்லாக் கேள்விகளுக்கும் அந்தத் தொகையே பதில் சொல்ல ஆரம்பித்துவிடும்.

2. புல்லை அளங்கள், மனையை அல்ல

மனைப் பத்திரத்தில் முக்கால் ஏக்கர் என்று இருக்கும். அதில் வீடு, கார் பாதை, பின்பக்க மரக்கூட்டம் எல்லாம் போக, புல் அரை ஏக்கர்தான் இருக்கும். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. வெட்ட வேண்டிய பகுதியை மட்டும் துண்டு துண்டாக அளந்து கூட்டிக்கொள்ளுங்கள். இது எதற்கு என்றால், இனி வரப்போகிற எல்லாக் கணக்கும் இந்த ஒரு எண்ணில்தான் நிற்கிறது.

அடுத்தது சரிவு. கைபேசியை ஒரு நீளமான பலகையின் மேல் வைத்து, பலகையைப் புல்லின் மேல் கிடத்திப் பாருங்கள். ஏறி ஓட்டும் டிராக்டர்களுக்கு 15 டிகிரிதான் வழக்கமான வரம்பு. அதாவது பத்து அடி தூரத்துக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் அடி ஏற்றம். அதைத் தாண்டிய இடத்தில் எந்த வண்டியையும் ஏற்றாதீர்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் கவிழும். 15-க்குள் இருந்தாலும் 8, 10 டிகிரி சரிவு உங்கள் புல்லில் பாதிக்கு மேல் இருந்தால் நோட்டில் பெரிதாக எழுதி வையுங்கள், ஏனென்றால் கடை மாடலா டீலர் மாடலா என்ற முடிவை அநேகமாக இதுதான் எடுக்கும்.

கடைசியாகப் பின்வேலிக் கதவின் அகலம். இதில் தடுக்கியவர்கள் அதிகம். டெக் என்பது பிளேடுகளை மூடியிருக்கும் அடித்தட்டு. 42 அங்குல டெக் என்றால் வண்டியின் அகலம் 42 அங்குலம் என்று நினைக்கிறார்கள். வெட்டிய புல் வெளியே போகும் வாய் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், அதையும் சேர்த்தால் 50 அங்குலம் அளவுக்கு வந்துவிடும். 48 அங்குலக் கதவு வழியாக ஒவ்வொரு முறையும் அந்த வாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டியிருக்கும்.

3. ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடுங்கள்

கார்களுக்கு மைல் எப்படியோ, புல்வெட்டிக்கு மணி நேரம் அப்படி. வாரண்டி, எண்ணெய் மாற்றம், பழைய வண்டியின் விலை எல்லாமே மணிக்கணக்கில்தான்.

42 அங்குலம் என்பது மூன்றரை அடி. மணிக்கு 4 மைல் வேகத்தில் நேராகப் போனால் ஒரு மணி நேரத்தில் 73,920 சதுர அடி, அதாவது ஏக்கர் 1.7. ஆனால் யாரும் நேராகப் போவதில்லை. ஒரு வரிசை மேல் இன்னொரு வரிசை கொஞ்சம் ஏறும், மரத்தைச் சுற்ற வேண்டும், திரும்ப வேண்டும். நடைமுறையில் ஒரு ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் வரை ஏறத்தாழ 30 முறை வெட்ட வேண்டியிருக்கிறது. ஒரு ஏக்கருக்கு ஆண்டுக்கு 30 மணி, இரண்டு ஏக்கருக்கு 60 மணி, அரை ஏக்கருக்கு 15 மணி. உங்கள் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாவது படியில் இது வேண்டும்.

4. கடைப் பெயரை மறந்துவிட்டு மாடல் எண்ணைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால் அது இந்தப் படியாக இருக்கட்டும்.

இரண்டு வதந்திகள் சுற்றுகின்றன. ஒன்று, 'கடையில் விற்பது எல்லாம் மட்டமானது, அதே மாடலையே கடைக்கென்று தனியாக மலிவாகச் செய்து தருகிறார்கள்'. இன்னொன்று, 'எல்லாம் ஒரே தொழிற்சாலை, பெயின்டுக்குத்தான் டீலர் காசு வாங்குகிறார்'. இரண்டுமே தவறு.

ஜான் டியரை எடுத்துக்கொள்வோம். எஸ்100 வரிசை (எஸ்100, எஸ்120, எஸ்130 என்று எஸ்180 வரை) ஹோம் டிப்போவிலும் அதே போன்ற இன்னொரு பெரிய கடையான லோஸிலும் கிடைக்கும், டீலரிடமும் கிடைக்கும். கடையில் நிற்கும் எஸ்120-ம் டீலரிடம் நிற்கும் எஸ்120-ம் ஒரே வண்டி. உள்ளே ஒரு போல்ட்கூட மாறாது. ஆனால் எக்ஸ்300 வரிசை டீலரிடம் மட்டும்தான். எக்ஸ்350-ஐக் கடையில் பார்க்கவே முடியாது. அது எஸ்120-ன் விலை உயர்ந்த பதிப்பு இல்லை, டெக், எஞ்சின், வாரண்டி எல்லாம் வேறாக உள்ள வேறு வண்டி. மக்கள் எஸ்120-ஐயும் எக்ஸ்350-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு 'கடை ஜான் டியர், டீலர் ஜான் டியர்' என்று பேர் வைத்துவிடுகிறார்கள். உண்மையில் ஒப்பிட்டது இரண்டு வரிசைகளை.

கப் கேடட் பக்கம் போனால் எக்ஸ்டி1 வரிசை பெரிய கடைகளிலும் டீலரிடமும் கிடைக்கும். ஸ்டில் நிறுவனம் தன் மரம் அறுக்கும் ரம்பங்களை ஹோம் டிப்போவுக்கும் லோஸுக்கும் தருவதே இல்லை, டீலர்கள் மூலம்தான் விற்கிறது. எக்ஸ்மார்க், ஸ்காக் போன்றவையும் டீலர் வண்டிகள். ஆக ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதம், ஒரே விதி எல்லோருக்கும் பொருந்தாது.

செய்ய வேண்டியது இது: கடையில் உள்ள வண்டியின் இருக்கைக்கு அடியிலோ சட்டத்திலோ ஒட்டியிருக்கும் பட்டையைக் கைபேசியில் படம் எடுங்கள். மாடல் எண் முழுவதும், பின்னால் வரும் எழுத்து, இலக்கம் எதையும் விடாமல். அப்புறம் டீலரிடம் உள்ளதையும் அப்படியே. இரண்டு எண்களும் கடைசி எழுத்து வரை ஒன்றென்றால் விலையையும் சேவையையும் மட்டும் ஒப்பிட்டால் போதும், நேராகப் பத்தாவது படிக்குப் போய்விடலாம். ஒரு எழுத்து வேறாக இருந்தாலும் வேறு வண்டி என்று எடுத்துக்கொண்டு கீழே தொடருங்கள். பின்னொட்டு சில நேரம் வெறும் நிறத்தையோ மாநில உமிழ்வு விதியையோ குறிக்கும், சில நேரம் உள்ளே ஒரு முக்கியப் பாகமே மாறியிருக்கும். ஊகிக்காதீர்கள், பார்த்துவிடலாம், எப்படி என்று எட்டாவது படியில் சொல்கிறேன்.

5. வாரண்டியை மணிக்கணக்கில் ஒப்பிடுங்கள்

விற்பனையாளர் 'இரண்டு வருட வாரண்டி, நான்கு வருட வாரண்டி' என்று சொல்வார். வருடத்தோடு சேர்ந்து ஒரு மணி வரம்பும் இருக்கிறது, எது முதலில் வருகிறதோ அதோடு முடிந்தது. ஜான் டியரில் எஸ்100 வரிசைக்கு 2 ஆண்டு அல்லது 120 மணி. எஸ்200-க்கு 3 ஆண்டு அல்லது 200 மணி. எக்ஸ்300-க்கு 4 ஆண்டு அல்லது 300 மணி. எக்ஸ்500-க்கு 4 ஆண்டு, 500 மணி. எக்ஸ்700-க்கு 4 ஆண்டு, 700 மணி.

இந்த எண்களை நான் மிகவும் மதிக்கிறேன். விளம்பரத் தாளில் 'உறுதியான', 'கடின உழைப்புக்கு' என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் வாரண்டி மணி என்பது பழுதானால் நிறுவனம் தன் காசைப் போடும் இடம். தன் வண்டி எவ்வளவு நாள் தாங்கும் என்று அவர்களே நம்புவது அங்கே தெரிகிறது.

இப்போது மூன்றாவது படியில் எழுதிய எண்ணை எடுங்கள். அரை ஏக்கருக்கு ஆண்டுக்கு 15 மணி என்றால் இரண்டு ஆண்டில் 30 மணிதான் ஓடும், 120 மணி என்பது உங்களுக்கு எட்டு ஆண்டு உழைப்பு. உங்களுக்குக் கடை மாடல் தாராளமாகப் போதும், சரிவு மட்டும் இல்லாவிட்டால். இரண்டு ஏக்கர்காரருக்கு இரண்டே ஆண்டில் 120 மணி தீர்ந்துவிடும். அவர் எஸ்100 வாங்கினால் மூன்றாம் ஆண்டிலிருந்து முழுக்கத் தன் செலவில் ஓட்டுகிறார்.

பெல்ட், பிளேடு போன்ற தேயும் பாகங்கள் வழக்கமாக இதில் சேராது. பக்கத்து வீட்டுப் புல்லைக் காசு வாங்கிக்கொண்டு வெட்டினால் அது வணிகப் பயன்பாடு, வீட்டு உபயோக வாரண்டி அதற்குப் பொருந்தாது. மகன் கோடையில் கைச்செலவுக்கு அப்படிச் செய்வதாக இருந்தால் முதலிலேயே படித்துப் பாருங்கள். வாங்கும் முன் படிக்கத் தர வேண்டியது விற்பவரின் கடமை. 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டமும் அதன் கீழுள்ள விதியும் அதற்காகவே இருக்கின்றன. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

6. கியர்பெட்டி: இங்கே கொஞ்சம் நிதானமாக

இரு வண்டிகளையும் பிரிப்பது பெரும்பாலும் இதுதான், கண்ணுக்குத் தெரியாததும் இதுதான். பின்சக்கரங்களுக்கு நடுவே ஒரு அலுமினியப் பெட்டி தொங்கும், அதற்குள் எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு. ஹைட்ரோஸ்டாட்டிக் என்பார்கள். பெடலை மிதித்தால் முன்னே போகும், கியர் மாற்ற வேண்டியதில்லை.

என் முதல் வண்டி இதில்தான் போனது. குதிரைத்திறன் எண்ணைப் பார்த்து வாங்கினேன், கியர்பெட்டி பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் பின்தோட்டம் முழுக்கச் சரிவு. மூன்றாவது கோடையில் முதல் இருபது நிமிடம் நன்றாக ஏறும், அப்புறம் மெல்ல மெல்ல இழுவை குறையும், கடைசி மேட்டில் பெடலை முழுக்க மிதித்தாலும் நத்தை போல நகரும், அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் மறுபடி சரியாகிவிடும். எண்ணெய் சூடாகும்போது நீர்த்துப்போகிறது, உள்ளே தேய்ந்த இடங்கள் வழியாக அழுத்தம் கசிகிறது, அதுதான் காரணம். வீட்டுக்கு வந்து பார்த்த மெக்கானிக் மாற்றுப் பெட்டியின் விலையைச் சொன்னபோது, அந்தப் பணத்துக்கு வண்டியே மாற்றிவிடலாம் போலிருந்தது.

எனவே கேட்க வேண்டிய கேள்வி: இதில் எந்த நிறுவனத்தின் எந்த மாடல் டிரான்ஸ்மிஷன் (கியர்பெட்டி)? டஃப் டார்க் என்றால் என்ன எண், ஹைட்ரோ கியர் என்றால் என்ன எண்? கடையில் அநேகமாக யாருக்கும் தெரியாது, நல்ல டீலருக்குத் தெரியும்.

டஃப் டார்க்கின் கே46 பல நிறுவனங்களின் வண்டிகளில் வந்த பெட்டி. அதில் வெளியிலிருந்து எண்ணெயை வடிக்கத் திருகு இல்லை, மாற்றக்கூடிய ஃபில்டரும் இல்லை. எண்ணெய் மாற்ற வேண்டும் என்றால் சட்டத்திலிருந்து கழற்றிக் கவிழ்க்க வேண்டும். சமதளத்தில் புல் மட்டும் வெட்டுகிறவருக்கு அது பல ஆண்டு உழைக்கும். சரிவில் ஓட்டுகிறவருக்கும், ஈரமண் நிரம்பிய வண்டியை இழுக்கிறவருக்கும் அது சரிப்படாது.

இங்கே ஒன்று முக்கியம். முன்பு டீலரிடம் மட்டும் விற்ற எக்ஸ்300 மாடலிலும் இதே கே46-தான் இருந்தது. டீலர் வண்டி என்பதாலேயே கியர்பெட்டி பெரியது என்று எடுத்துக்கொண்டால் பணமும் போகும், பிரச்சினையும் தீராது. எண்ணைக் கேளுங்கள்.

நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன் வண்டி பார்க்கிறீர்கள் என்றால் ஹைட்ரோ கியரில் இசட்டி-2200, 2800, 3100, 3400 என்று போகும். எண் கூடக் கூடத் தாங்கும் திறனும் கூடும். 2800-லிருந்து வெளியே ஃபில்டர் இருக்கும், எண்ணெய் மாற்றலாம். ஒரு ஏக்கருக்கு மேல் போகிறவர்கள் 2800-க்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

புதியவர்கள் இதில் செய்யும் இன்னொரு தவறு: வண்டியைத் தள்ளிச் செல்வதற்காகப் பின்னால் ஒரு கம்பி இருக்கும், அதை வெளியே இழுத்தால் சக்கரம் விடுபடும். தள்ளி முடித்ததும் திரும்ப உள்ளே தள்ள மறந்துவிட்டு 'புது வண்டி நகரவே இல்லை' என்று கடைக்குப் போன் போடுகிறார்கள். அந்தக் கம்பியை இழுக்காமலே கயிறு கட்டி இழுப்பது அதைவிட மோசம், உள்ளே சேதமாகும்.

7. டெக்கின் தகடு, ஆழம்

தகட்டின் தடிமனைக் கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள். கேஜ் எண் குறைந்தால் தகடு தடிமன். நிறையப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு 12 கேஜ் 10 கேஜைவிட உயர்ந்தது என்று நினைக்கிறார்கள். 12 கேஜ் ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர், 10 கேஜ் 3.4, வணிக வண்டிகளில் வரும் 7 கேஜ் 4.5-க்குக் கொஞ்சம் மேலே.

ஒரே தகட்டை அச்சில் அழுத்திச் செய்வது ஒரு வகை, தடித்த தகடுகளை வெட்டிப் பற்றவைப்பது இன்னொரு வகை. பற்றவைத்ததுதான் உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. அழுத்திச் செய்ததில் வளைவுகள் நன்றாக அமைவதால் காற்று சீராகச் சுழன்று புல்லை நிமிர்த்தும், வெட்டு அழகாக வரும். மரவேரும் கல்லும் அதிகம் உள்ள தோட்டத்துக்குப் பற்றவைத்தது நல்லது.

ஆழத்தையும் பாருங்கள். எக்ஸ்300 வரிசையின் டெக்கை எஸ்100 டெக்கின் பக்கத்தில் குனிந்து பார்த்தால் ஆழ வித்தியாசம் தெரியும். ஆழமான டெக்கில் உயரமான, கொஞ்சம் ஈரமான புல்லும் அடைக்காமல் வெளியே போகும். வாரம் தவறாமல் வெட்டுகிறவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் நேரம் கிடைக்கும் என்றால் இதற்குப் பணம் கொடுப்பது நியாயம்.

8. உதிரிபாக எண்ணை வைத்து உண்மையைக் கண்டுபிடியுங்கள்

நான் செலவழித்த நேரத்திலேயே அதிகப் பலன் தந்த வேலை இது. ஒரு மாலை நேரம் போதும்.

பெரிய நிறுவனங்கள் தங்கள் உதிரிபாகப் பட்டியலைப் படத்தோடு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. கடை மாடலின் எண்ணைப் போட்டு டெக் படத்தைத் திறங்கள். பிளேடு சுழலும் தண்டு அமைப்பு இருக்கும், ஸ்பிண்டில் என்பார்கள், அதன் பாக எண்ணை எழுதுங்கள். அப்புறம் முன்சக்கரத்தின் புஷ் அல்லது பேரிங், முன் அச்சு, டிரான்ஸ்மிஷன். இந்த நான்கு போதும். அடுத்து டீலர் மாடலைத் திறந்து அதே நான்கையும் எழுதுங்கள்.

எண் ஒன்றாக இருந்தால் அந்தப் பாகம் ஒன்றே, அதற்காக நீங்கள் கூடுதல் பணம் தரவில்லை, தர வேண்டியதும் இல்லை. எண் வேறாக இருந்தால் இரண்டின் விலையையும் பாருங்கள். ஒன்று மற்றதைவிட இரண்டு மூன்று மடங்கு என்றால் பெரும்பாலும் கட்டுமானமே வேறு: பிளாஸ்டிக் புஷ்ஷுக்குப் பதில் பால் பேரிங், அழுத்திய தகட்டு அச்சுக்குப் பதில் வார்ப்பிரும்பு, இப்படி. நான்காவது படியில் சொன்ன பின்னொட்டுச் சந்தேகமும் இங்கே தீர்ந்துவிடும்.

டிரான்ஸ்மிஷன் விலையைத் தனியாக வட்டமிட்டு வையுங்கள். வாரண்டி முடிந்தபின் அது போனால் நீங்கள் கட்ட வேண்டிய தொகை அது. அந்தத் தொகை வண்டி விலையில் பாதியைத் தொட்டால், போனதும் தூக்கிப்போட வேண்டிய வண்டியைத்தான் வாங்குகிறீர்கள் என்று தெரிந்தே வாங்குங்கள்.

கிரீஸ் அடிக்கும் முனை இருக்கிறதா என்றும் படத்தில் தெரியும். முனை இல்லாத, மூடிய பேரிங் கெட்டது என்று நினைக்க வேண்டாம், வீட்டு உபயோகத்துக்கு அது சரிதான். முனை இருந்தும் ஐந்து வருடமாகக் கிரீஸே அடிக்காத வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

9. எஞ்சின்

வண்டியில் பார்க்க வேண்டியவற்றில் இதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. எல்லோரும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள், உண்மையில் இது முடிவை மாற்றுவது அரிது. பெட்டியில் எழுதியிருக்கும் குதிரைத்திறன் எஞ்சினைத் தனியாக வைத்து அளந்தது, வண்டியில் பொருத்தியபின் கிடைப்பது அதைவிடக் குறைவு. 18.5 குதிரைத்திறன் கவாசாகியோடு வந்த எக்ஸ்350, 22 என்று எழுதிய எஸ்120-க்கு எந்த வேலையிலும் சளைத்ததில்லை.

பார்க்க வேண்டியது எஞ்சினின் வரிசை. கவாசாகியில் எஃப்ஆர் வீட்டு உபயோகத்துக்கு, எஃப்எக்ஸ் வணிகத்துக்கு, எஃப்எஸ் நடுவில். கோலரில் 7000 வரிசை வீட்டுக்கு, கமாண்ட் ப்ரோ வணிகத்துக்கு. 'கவாசாகி எஞ்சின்' என்று பெரிதாக எழுதியிருப்பதை வைத்து மட்டும் மகிழ்ந்துவிடாதீர்கள், எந்தக் கவாசாகி என்று கேளுங்கள்.

எஸ்100 வரிசையின் சில மாடல்களில் 30 விநாடியில் எண்ணெய் மாற்றும் ஃபில்டர் வசதி இருக்கிறது. பழையதைத் திருகிக் கழற்றிப் புதியதை மாட்டினால் முடிந்தது, சொட்டு சிந்தாது. வசதியானதுதான், ஆனால் அதில் மாறுவது 0.8 குவார்ட் எண்ணெய் மட்டும், மீதி பழைய எண்ணெய் எஞ்சினிலேயே இருக்கிறது. நான் நண்பர்களுக்குச் சொல்வது, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறையாவது அடித்திருகைத் திறந்து முழுவதையும் வடித்துவிடுங்கள்.

10. டீலருக்கு ஒரு போன்

கடையில் வாங்கினாலும் வாரண்டிப் பழுது பார்ப்பது அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற டீலர்தான். அதனால் வாங்கும் முன்பே அருகிலுள்ள டீலரைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். கடையில் வாங்கிய வண்டிக்கு வாரண்டி வேலை எடுப்பீர்களா? வீட்டிலிருந்து ஏற்றிச் செல்ல எவ்வளவு? மே மாதத்தில் கொண்டுவந்தால் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். மே மாதத்தில் புல் வாரத்துக்கு நாலு அங்குலம் வளரும், அப்போது வண்டி மூன்று வாரம் பட்டறையில் நின்றால் என்ன ஆகும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சில டீலர்கள் தங்களிடம் வாங்கியவர்களுக்கு முன்னுரிமை தருகிறார்கள், வெளிப்படையாகவே சொல்வார்கள். ஏற்றிச் செல்லும் செலவு பெரும்பாலும் வாரண்டியில் சேராது. டிரக்கோ டிரெய்லரோ இல்லாதவர்கள் அதையும் விலையில் கூட்டிப் பாருங்கள்.

அதே மாடல் இரண்டு இடத்திலும் கிடைத்து, விலையும் ஒன்றாகவோ நூறு டாலர் வித்தியாசத்திலோ இருந்தால் நான் யோசிக்காமல் டீலரிடம் வாங்குவேன். எஸ்100 வரிசை டீலரிடமும் கிடைக்கும் என்பதே நிறையப் பேருக்குத் தெரியாமல், கடைக்குத்தான் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

பின்னாளில் சாதாரணச் சர்வீஸை நீங்களே செய்தாலும், வேறு நிறுவன ஃபில்டர் போட்டாலும், அதை மட்டும் காரணம் காட்டி வாரண்டியை மறுக்க ஐந்தாவது படியில் சொன்ன சட்டம் அனுமதிப்பதில்லை. ரசீதுகளையும் தேதியையும் மணி அளவையும் மட்டும் குறித்து வையுங்கள்.

11. வண்டி வீட்டுக்கு வந்த அன்று

'டீலர் வண்டி நன்றாக வெட்டுகிறது, கடை வண்டி திட்டுத் திட்டாக வெட்டுகிறது' என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தப் படியில் அடங்கிவிடும். டீலர் அனுப்பும் முன் டெக்கைச் சமன்படுத்தி, டயரைச் சரிபார்த்து அனுப்புகிறார். கடையில் அதை யார் செய்தார், எவ்வளவு கவனமாகச் செய்தார் என்பது இடத்துக்கு இடம் மாறும். நீங்களே செய்துவிட்டால் சந்தேகம் இல்லை. எங்கிருந்து வாங்கினாலும் செய்யுங்கள்.

முதலில் டயர். போக்குவரத்துக்காக அதிகக் காற்று அடைத்து வருவது வழக்கம். எஸ்100 வரிசைக்கு முன்னால் 14 பிஎஸ்ஐ, பின்னால் 10. மற்ற வண்டிகளுக்குக் கையேட்டில் இருக்கும். டயரைச் சரி செய்யாமல் டெக்கைச் சமன் செய்தால் அந்த வேலை வீண், ஏனென்றால் டெக்கின் உயரமே டயரைப் பொறுத்தது. இந்த வரிசையை மாற்றிச் செய்து ஒரு நாளை வீணாக்கியவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் டெக். சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, தீப்பொறிச் செருகியின் வயரையும் கழற்றிவிட்டு, தடித்த கையுறையோடு பிளேடைக் கையால் திருப்பி அளங்கள். இடது, வலது நுனிகள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். முன்நுனி பின்நுனியைவிடக் கொஞ்சம் தாழ்ந்து, சாதாரணமாக 1/8 முதல் 3/8 அங்குலம் வரை. முன்பக்கம் உயர்ந்திருந்தால் புல்லை இரண்டு முறை அடித்து நுனியைப் பழுப்பாக்கும்.

எண்ணெய் அளவு, பிளேடு போல்ட்டின் இறுக்கம், பெடலை விட்டதும் நிற்கிறதா, இருக்கையிலிருந்து எழுந்தால் எஞ்சின் அணைகிறதா. இவற்றையும் அன்றே பாருங்கள். பெட்ரோல் எஞ்சின் பொருள்களுக்குத் திருப்பித் தரும் காலம் மற்றவற்றைவிடக் குறைவாக இருப்பது வழக்கம், அதனால் முதல் வாரத்திலேயே உங்கள் தோட்டத்தின் மோசமான சரிவில் ஒரு மணி நேரம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிடச் சோதனை குளிர்ந்த எண்ணெயில் நடப்பது, அதில் எதுவும் தெரியாது.

12. முதல் கோடை

பெட்ரோல் 10 சதவீத எத்தனால் உள்ளது வரை சரி. பம்பில் இ15 (15 சதவீதம் வரை எத்தனால்) என்று விலை குறைவாக ஒரு குழாய் இருக்கும், அதைத் தொடாதீர்கள். சின்ன எஞ்சின்களில் அதைப் போட அனுமதியே இல்லை.

கியர்பெட்டியின் மேலே ஒரு சின்ன விசிறி சுழலும். இருக்கையைத் தூக்கி, அல்லது பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெட்டிய புல் அதைச் சுற்றி மெத்தை போலப் படிந்திருக்கும். நாலைந்து முறை வெட்டியதும் காற்று ஊதி அதை அகற்றுங்கள். எண்ணெயைக் குளிர்விப்பது அந்த விசிறி ஒன்றுதான். என் முதல் வண்டியில் மூன்று ஆண்டில் ஒருமுறைகூட நான் அங்கே பார்க்கவில்லை.

சரிவில் நேராக ஏறி நேராக இறங்குங்கள், குறுக்கே போக வேண்டாம். மண்ணைக் கிளறும் கருவி எதையும் எஸ்100 போன்ற வண்டியில் கட்ட வேண்டாம், அதற்கென்று உள்ளவை எக்ஸ்500-லிருந்துதான் தொடங்குகின்றன. டெக்கின் அடியைக் கழுவத் தண்ணீர்க் குழாய் மாட்டும் வாய் கொடுத்திருப்பார்கள். நான் அதைப் பயன்படுத்துவதில்லை, பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டுகிறேன். ஸ்பிண்டில் பேரிங்குக்குள் தண்ணீர் போகாமல் இருந்தால் அது இன்னும் சில வருடம் வரும்.

ஸ்பிண்டிலை நீங்களே மாற்ற நேர்ந்தால் ஒரு எச்சரிக்கை: பல வண்டிகளில் புதிய அலுமினியக் கூட்டில் மரை வெட்டியே இருக்காது, போல்ட்தான் முதல் முறை மரையை வெட்டிக்கொண்டு இறங்கும். காற்றுத் துப்பாக்கியால் விட்டால் மரை உரிந்துபோகும். கைச்சாவியால் மெதுவாக, குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

வேலை முடிந்ததும் மணிமானி காட்டும் எண்ணைத் தேதியோடு நோட்டில் எழுதிவிடுங்கள். பிறகு எப்போதாவது வாரண்டி கேட்டு டீலரிடம் போனால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.